தாசன், பித்தன், ரசிகன்

ஒரு பொருளின்மீது, ஒரு கலையின்மீது, ஒரு மொழியின்மீது விருப்பம் கொண்டவனைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. ரசிகன், சுவைஞன், அபிமானி, ஆர்வலர், பற்றாளர், பிரியர், அன்பர், அடியார், தாசன், பித்தன், வெறியன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவ்வளவு சொற்கள் இருப்பது நம் ரசனையின் வளத்தைக் காட்டுகிறது என்று மேடையில் யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பெயரைத் தாங்கியவன், தான் விரும்புவதைப் பார்த்து 'இது சரியாக வரவில்லை' என்று சொல்ல முடியுமா? சொன்ன பிறகும் அந்தப் பெயர் அவனுக்கு மிஞ்சுமா?

நம்மிடையே விமர்சனம் பற்றி நடக்கும் சர்ச்சைகளில் பாதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். ஒரு படைப்பாளியின் ஒரு கதையைக் குறை சொன்னால், 'அவர்மேல் உனக்கு என்ன கோபம்?' என்று கேட்கிறார்கள். விருப்பமில்லாதவன்தான் குறை காண்பான் என்ற நம்பிக்கை இக்கேள்விக்கு அடியில் இருக்கிறது. இதைத் தனி மனிதர்களின் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் புழங்கும் சொற்களிலேயே அது ஊறிக் கிடக்கிறது.

ஆங்கிலம் படித்தவர்கள் உடனே 'ஃபைல்' என்ற விகுதியை நினைத்துக்கொள்வார்கள். ஆங்கிலேயரை நேசிப்பவன் ஆங்க்லோஃபைல், பிரெஞ்சுக்காரரை நேசிப்பவன் ஃப்ராங்க்கோஃபைல், புத்தகத்தை நேசிப்பவன் பிப்ளியோஃபைல். விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. இந்த இனச் சொற்களில் மிகப் பழையதொன்று ஹெரொடோடஸிடம் கிடைக்கிறது. கிரேக்க வணிகர்கள் குடியேற நாக்ரடிஸ் நகரைக் கொடுத்த எகிப்திய அரசன் அமாஸிஸை அவர் 'ஃபில்ஹெலீன்' என்கிறார். கிரேக்கரை நேசிப்பவன் என்று பொருள். கவனிக்க வேண்டியது, அமாஸிஸ் கிரேக்கன் அல்ல. நேசிப்பவன் வேறு, நேசிக்கப்படுவது வேறு என்ற இடைவெளி அந்தச் சொல்லின் உள்ளேயே இருக்கிறது. ஆங்க்லோஃபைல் என்று ஒருவனைச் சொன்னவுடன் அவன் ஆங்கிலேயன் அல்ல என்பது தெரிந்துபோகிறது.

இந்த இடைவெளி பயனுள்ளது. 1821ல் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியபோது ஐரோப்பாவிலிருந்து பல ஃபில்ஹெலீன்கள் கப்பலேறினார்கள். பள்ளியில் படித்த பழைய கிரேக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனவர்கள், ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கும் உள்ளூர்த் தலைவர்களைக் கண்டு கசந்துபோனார்கள். பைரன் வேறு வகை. 1809 முதல் 1811 வரையிலான பயணத்தில் அந்த நாட்டை நேரில் பார்த்தவர். அந்த மனிதர்களைப் பற்றி அவருக்கு மயக்கம் இல்லை. எரிச்சல் நிறையவே இருந்தது. இருந்தும் 1823ல் போனார், சொந்தப் பணத்தைச் செலவழித்தார், 1824 ஏப்ரலில் மிஸொலாங்கியில் காய்ச்சலில் இறந்தார். மயக்கம் இல்லாத நேசம் என்று ஒன்று சாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்திலும் நேசத்தின் சொற்கள் எல்லாம் தப்பிப் பிழைத்துவிடவில்லை. 'அமெச்சூர்' என்றால் மூலத்தில் நேசிப்பவன். 'டிலட்டாண்டி' என்றால் இன்பம் காண்பவன். 1734ல் லண்டனில் டிலட்டாண்டி சங்கம் என்று ஒன்றைப் பிரபுக்கள் அமைத்தபோது அந்தப் பெயரில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அயோனியாவுக்கு ஆய்வுப் பயணத்தை அனுப்பிய சங்கம் அது. பிறகு தொழில்முறைத் தேர்ச்சி என்பது அளவுகோலாக வந்தது. நேசத்துக்காக மட்டும் ஒன்றைச் செய்பவன் அரைகுறை என்றாகிவிட்டான். இன்று இரண்டும் வசைச் சொற்கள். மறுபுறம் 'ஃபேன்' என்ற சொல் எழுந்தது. 'ஃபனாடிக்' என்பதன் வால் நறுக்கப்பட்ட வடிவம் அது என்பது பெரும்பான்மைக் கருத்து. அதன் அடியில் இருப்பது கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆக, செய்து பார்க்கும் நேசம் இழிவுபட்டது. வணங்கி நிற்கும் நேசம் செழித்தது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல.

தமிழுக்கு வருகிறேன். 'ஆர்வலர்' என்ற சொல் திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, அதாவது 71வது குறளிலேயே வருகிறது. அங்கே ஆர்வலர் என்பவர் தன் அன்பை ஒளிக்க முடியாதவர். கண்ணீர் அவரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. இன்றைய செய்தித்தாளில் ஆர்வலர் என்பவர் அறிக்கை கொடுப்பவர். சமூக ஆர்வலர், பறவை ஆர்வலர், தமிழ் ஆர்வலர். கண்ணீர் போனதுபற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம். ஆர்வலருக்குப் பறவை தெரியுமா, எத்தனை நாள் பார்த்தார், எதை எதனிடமிருந்து பிரித்தறிவார் என்பதைப் பற்றிச் சொல் மௌனம் சாதிக்கிறது.

'அபிமானி' இன்னும் சுவாரஸ்யமான சொல். அபிமானம் என்பதற்கு வடமொழியில் கர்வம், தன்னைப் பற்றிய எண்ணம் என்று பொருள். சாங்கியத்தில் அகங்காரத்தின் இலக்கணமே அபிமானம்தான். தமிழில் அது பற்று, பாசம் என்றாகிவிட்டது. தேசாபிமானி, பாஷாபிமானி என்று நம் முன்னோர் எழுதியபோது நல்ல பொருளில்தான் எழுதினார்கள். ஆனால் பழைய பொருள் சாகவில்லை என்றே நினைக்கிறேன். தன் மொழியின் பெருமையைப் பேசும் பாஷாபிமானியைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், மொழியின் பெருமை எங்கே முடிகிறது, அவருடைய பெருமை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாமல் போகிறது. வடமொழிக்காரன் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறான்.

'பற்றாளர்' தனித்தமிழ்ச் சொல். நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் பேரேட்டில் பற்று என்றால் கணக்கிலிருந்து எடுத்தது, வரவு என்றால் கணக்கில் போட்டது. தமிழ்ப் பற்றாளர்கள் பலரையும் பற்றி அந்த இரண்டு பத்திகளையும் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு மொழியிடமிருந்து ஒருவன் எடுத்துக்கொண்டது என்ன, அதில் போட்டது என்ன என்பது விமர்சனம் கேட்க வேண்டிய கேள்விதான்.

இங்கே ஒரு வினோதம். ஆங்கிலத்தில் நேசத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே இருப்பவனுக்குக் கொடுக்கப்படுகிறது. நம்மிடம் இது தலைகீழ். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு நாம் அறிவின் பெயரைக் கொடுக்கிறோம். வீரமாமுனிவர் தமிழறிஞர், 1886ல் குறளை மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி.யு. போப் தமிழறிஞர், செக் நாட்டவரான கமில் ஸ்வெலபில் தமிழறிஞர். உள்ளே பிறந்தவர்களுக்கோ பற்றாளர், உணர்வாளர், காதலர் என்று நேசத்தின் பெயர்களை வழங்கிக்கொள்கிறோம். இந்தப் பங்கீட்டின் விளைவு என்ன? பிறந்தவனிடம் யாரும் அறிவை எதிர்பார்ப்பதில்லை. வந்தவனிடம் யாரும் நேசத்தைப் பார்ப்பதில்லை. ஸ்வெலபில் 1973ல் வெளியிட்ட 'முருகனின் புன்னகை' என்ற ஆங்கில நூலில் புதுக்கவிதைக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சங்கக் கவிதையிலிருந்து தொடங்கி அங்கே வந்து சேர்ந்தார். சின்னஞ்சிறு பத்திரிகையான 'எழுத்து'வில் எழுதியவர்களை ஓர் அந்நியர் தமிழ் மரபின் வரிசையில் வைத்துப் படித்தார். நம் பற்றாளர்களில் பலர் அதே காலத்தில் புதுக்கவிதையைத் தமிழுக்கு நேர்ந்த கேடு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யார் நேசித்தவர்?

இனி ரசிகன். கௌரவமான பூர்வீகம் உள்ள சொல் இது. ரசத்தை அறிபவன். காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனரும் அபிநவகுப்தரும் கவிதைக்கு உரிய வாசகனை 'சஹிருதயன்' என்றார்கள். அபிநவகுப்தரிடம் சஹிருதயன் பிறவியிலேயே அமைந்துவிடுபவன் அல்ல. காவியப் பயிற்சியால் மனம் தெளிந்தவன். பயிற்சி என்ற அம்சம் இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது. கர்நாடக சங்கீத சபைகளில் இந்த அர்த்தத்தின் மிச்சம் கொஞ்சம் இருந்தது. நல்ல ரசிகன் என்றால் ராகம் பிசகினால் முகம் சுளிப்பவன், பிடிக்காவிட்டால் எழுந்து போகிறவன். எழுந்து போனதால் அவன் ரசிகன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

சினிமா இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. ரசிகர் மன்றத்தின் ரசிகன் எழுந்து போக முடியாது. போனால் அவன் ரசிகன் அல்ல, வேறு மன்றத்துக்காரன். ஒரு மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க வருகிறவர்களிடம் தீர்மான நகல் கேட்போம். தலைவர், செயலாளர், பொருளாளர் இவர்களில் யார் யார் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ரசனைக்கும் நிர்வாகிகள் உண்டு என்பதை நான் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். வருகிறவர்கள் நல்ல பையன்கள். ரத்த தானத்துக்கும் நோட்டுப் புத்தகம் வழங்கவும் பணம் சேர்க்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. கட்-அவுட்டுக்குப் பாலூற்றுகிறார்கள் என்று சிரிக்கும் இலக்கியவாதிகளுக்கு என்னிடம் வேறொரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரசிகன் என்ற சொல்லைப் பட்டமாகவே தாங்கியவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்களுக்குக் கம்பன் பண்டிதர்களின் சொத்தாக இல்லாமல் ஒரு கவியாகக் கிடைத்தான். இலக்கணக் குறிப்பும் உரை விளக்கமுமாகக் கிடந்த செய்யுளை வாய்விட்டுச் சொல்லி அனுபவிக்க வைத்தார். இது சின்ன காரியமல்ல. அதே ரசிகமணி கம்பராமாயணத்தில் கணிசமான பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று தள்ளினார். சொற்களையும் தம் செவிக்கு ஏற்பத் திருத்தினார். இடைச்செருகல்கள் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தள்ளியதற்கு அவர் நம்பியது ஏட்டை அல்ல, தம் ரசனையை. இதில் இருக்கும் மனோபாவத்தைப் பாருங்கள். ஒரு பாடல் நன்றாக இல்லை என்று அவருடைய கூர்மையான காது சொல்லிவிடுகிறது. கம்பன் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறான் என்று சொல்ல ரசிகனுக்கு மனம் வரவில்லை. எனவே இது கம்பனே அல்ல என்கிறார். நேசிக்கப்படுபவனிடம் குறை இருக்க முடியாது. குறை இருந்தால் அது வேறு எவனோ செய்தது.

இதற்கு எதிர்முனையில் உ.வே. சாமிநாதையரை வைக்கிறேன். 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததிலிருந்து அவர் செய்தது, ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்துவைத்தது. தம் விருப்பத்துக்கு எதிரான பாடத்துக்கும் பக்கத்தின் அடியில் ஓர் இடம் கொடுத்தார். ரசிகமணியிடம் இருந்த ரசனை அவரிடம் இருந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நேசிக்கும் பொருளைத் தன் நேசத்திலிருந்தே காப்பாற்றும் ஒழுங்கு அவரிடம் இருந்தது. நாம் அவருக்குக் கொடுத்த பெயரோ தமிழ்த் தாத்தா. தாத்தாவிடம் யாரும் பதிப்பு முறை கற்றுக்கொள்வதில்லை. விழுந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

தாசன் என்ற விகுதி நம் கவிஞர்களுக்கே பிடித்தமானது. பாரதி இளமையில் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். எட்டயபுரத்தில் ஷெல்லியின் பெயரில் ஒரு வாசகர் குழுவும் நடத்தினார். பாரதி 1908ல் புதுச்சேரிக்குப் போனார். அங்கே அவரைக் கண்ட கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். ராசகோபாலன் என்ற இளைஞர் சுப்புரத்தினதாசன் ஆகி, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். ஷெல்லிக்கு ஓர் அடிமை, அவருக்கு ஓர் அடிமை, அவருக்கும் ஓர் அடிமை. ஒரு நூற்றாண்டுத் தமிழ்க் கவிதையின் வம்சாவளியை இந்தப் பெயர்களைக் கொண்டே எழுதிவிடலாம் போலிருக்கிறது.

எழுத முடியாது என்பதுதான் விஷயம். ஷெல்லிதாசன் என்ற பெயரைப் பாரதி உதறினார். ஷெல்லியிடமிருந்து சுதந்திர தாகத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம்; ஆனால் அவர் வந்து சேர்ந்த இடம் ஷெல்லி கனவிலும் காணாத இடம். பாரதிதாசன் பெயரை உதறவில்லை. சுயமரியாதை இயக்கத்தில் இருந்துகொண்டே ஒரு பிராமணக் கவிஞரின் தாசன் என்று கடைசிவரை கையெழுத்திட்டார். அதற்கு ஒரு நெஞ்சுறுதி வேண்டும். ஆனால் பாரதி பாடிய தெய்வங்களை அவர் தன்னுடன் கொண்டுவரவில்லை. பெயரில் தாசன், கருத்தில் எதிர்க்கட்சி. சுரதாவிடம் அந்தத் தாசன் ஒரே எழுத்தாகத் தேய்ந்துவிட்டான். அவர் வழி உவமையின் வழி, பாரதிதாசனின் வழி அல்ல. மூவரும் பெயருக்குக் கீழ்ப்படியவில்லை. அதனால்தான் மூவரையும் பற்றி இன்று பேச முடிகிறது. சொல்லுக்குக் கீழ்ப்படிந்த தாசர்கள் எத்தனையோ பேர் பாரதியின் சந்தத்தையும் ஆவேசத்தையும் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர்கள் யாருக்கும் நினைவில்லை.

பித்தனுக்கு வேறு வரலாறு. பெரியபுராணத்தில் தன் மணப்பந்தலில் வழக்காட வந்த கிழவனைச் சுந்தரர் பித்தன் என்று ஏசுகிறார். பிறகு அந்தக் கிழவனே இறைவன் என்று தெரிந்து, எப்படிப் பாடுவது என்று திகைக்கும்போது, ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று கட்டளை கிடைக்கிறது. பக்தி மரபை நாம் வெறும் சரணாகதி என்று படித்துப் பழகிவிட்டோம். அந்த மரபின் ஒரு பெரிய கவியோ வசையிலிருந்து தொடங்குகிறார். இங்கே பித்தன் என்ற பெயர் விழுந்திருப்பது நேசித்தவன்மேல் அல்ல, நேசிக்கப்பட்டவன்மேல். நம்பியாரூரருக்கு அந்த உரிமை இருந்தது. இறைவனிடம் கண் கேட்டுச் சண்டை போட்ட உறவு அது.

அந்தச் சொல்லை இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் எடுத்துக்கொண்டவர் சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்றால் புதுமைமேல் பித்துக் கொண்டவன். கதைகளைப் படித்துவிட்டுப் பெயரைப் பார்த்தால் ஒரு நையாண்டி புலப்படுகிறது. அவர் கதைகளில் பழமையைப் போலவே புதுமையும் அடி வாங்குகிறது. பட்டணமும் பத்திரிகை ஆபீசும் லட்சியவாதமும் எதுவும் தப்புவதில்லை. பித்து என்று பெயரில் அறிவித்துவிட்டு, கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

முன்பு ஒத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னவர் இதே புதுமைப்பித்தன். ஒரு படைப்பாளி தன் சமகாலத்தவனை, தன்னிலிருந்து முற்றிலும் மாறுபட்டவனை, அடையாளம் கண்டு சொன்ன வார்த்தை அது. அதற்குப் பிறகு நாம் செய்தது என்ன? திருமூலர் என்பதைக் கற்பூரத் தட்டாக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். மௌனியின் கதைகள் கொஞ்சம்தான். அவற்றில் மொழி அடிக்கடி தடுமாறுகிறது. 'அழியாச்சுடர்' போன்ற கதைகளில் அந்தத் தடுமாற்றம் அனுபவத்தின் தடுமாற்றம். சொல்லுக்குள் அடங்காத ஒன்றை நோக்கி வாக்கியம் கை நீட்டுகிறது. வேறு சில கதைகளில் அது வெறும் தடுமாற்றம். எது எது என்று வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துச் சொல்வதுதான் மௌனிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. அதை நம்மில் மிகச் சிலரே செய்தார்கள். செய்தவர்களிடம், மௌனி உங்களுக்குப் பிடிபடவில்லை என்று மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகைக்குள்ளும் கட்-அவுட் நிற்க இடம் இருக்கிறது. பால் மட்டும் ஊற்றுவதில்லை.

இதைப் பிறரைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. நம் விருப்பத்துக்குப் பற்று என்று பெயர், அடுத்தவன் விருப்பத்துக்கு வெறி என்று பெயர். வெறியன் என்று தன்னை அழைத்துக்கொள்பவன் அபூர்வம். ஆகவே எந்தச் சொல்லை நமக்குச் சூட்டிக்கொள்கிறோம் என்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. விமர்சகன் என்ற சொல்லும் இதற்கு விலக்கல்ல. விமர்சகன் என்று அட்டை மாட்டிக்கொண்ட தாசர்களை எனக்குத் தெரியும். ஆங்கிலத்திலிருந்து 'ஃபைல்' போல ஒரு விகுதியை இறக்குமதி செய்வதாலும் பயனில்லை. இடைவெளி சொல்லில் இல்லாவிட்டால் படிப்பில் இருக்க வேண்டும். பாரதிதாசன் தாசன் என்ற பெயரோடு அதைச் சாதித்தார். ரசிகமணி ரசிகன் என்ற நல்ல பெயரோடு சில இடங்களில் அதைத் தவறவிட்டார்.

புதுமைப்பித்தனுக்கு இன்னொரு புனைபெயர் உண்டு. பிறர் எழுத்தைத் தாக்கி விமர்சனம் எழுதும்போது அவர் வைத்துக்கொண்ட பெயர், ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் கருவி. உள்ளே குமிழி நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் ஓடுகிறதா என்று பார்ப்பார். சுவர்மேல் விரோதம் இருப்பதால் அவர் பார்ப்பதில்லை. தன் கையால் எழுப்பிய சுவர் என்பதாலேயே ஒவ்வொரு வரிசைக்கும் வைத்துப் பார்க்கிறார். கோணல் என்று தெரிந்தால் அந்த வரிசையைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுகிறார். விருப்பமுள்ளவனைக் குறிக்கும் சொற்களின் பட்டியலில் இந்தச் சொல்லை யாரும் சேர்க்கவில்லை. நான் சேர்க்கிறேன்.